அகராதிக்கு ஒரு தாய்க்கோப்பு வேண்டும்

சென்ற தை மாதம் அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஓர் ஆசிரியர் கைப்பேசியில் அழைத்தார். அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். என் அப்பா தொகுத்த கரிசல் சொற்களின் புத்தகம் யார் வழியாகவோ பி.டி.எஃப். கோப்பாக அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. "போன்ல போட்டுக் கேட்டேம்மா. ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு வாசிக்குது. இது தமிழ்ப் புத்தகந்தானே?" என்றார். குரலில் கோபமே இல்லை. இப்படி எத்தனையோ புத்தகங்களைக் கேட்டுப் பழகிப்போனவரின் குரல் அது.

அந்த ஐந்தும் சேர்ந்தால் 'தமிழ்' என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பாமினி எழுத்துருவில் ஆங்கில ஜே இருக்க வேண்டிய இடத்தில் 'த' வரையப்பட்டிருக்கும். கே இடத்தில் 'ம', பி இடத்தில் இகரக் கொக்கி, ஓ இடத்தில் 'ழ', அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. கண்ணால் பார்ப்பவருக்கு அது தமிழ். உள்ளே பதிந்திருப்பதை வாசிக்கும் கருவிக்கோ வெறும் ஆங்கில எழுத்துகள். அந்த பி.டி.எஃப். கோப்பைச் செய்தவள் நான்தான். 2006-இல், கோவில்பட்டியில் என் கடையில் உட்கார்ந்து.

1996 முதல் டி.டி.பி. என் தொழில். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள், கடலைமிட்டாய் உறை, பள்ளி ஆண்டு மலர், அவ்வப்போது ஒரு கவிதைத் தொகுதி. புத்தகம் என்றால் பக்கம், பக்கம் என்றால் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று மட்டுமே அப்போது எனக்குத் தெரியும். அந்த ஆசிரியரின் கேள்விக்குப் பிறகு மூன்று மாதம் அப்பாவின் புத்தகத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினேன். அதில் கற்றதைத் தமிழ்ப் பதிப்பாளர்களிடமும், அரசுப் பணத்தில் அகராதியும் கலைச்சொல் பட்டியலும் தொகுப்பவர்களிடமும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு சுற்றுவட்டாரத்தில் சைக்கிள் போகும் ஊரெல்லாம் அவருக்குத் தெரியும். கி.ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியைப் படித்த பிறகு, நம் பக்கத்தில் விட்டுப்போனதை நாமும் எழுதி வைப்போம் என்று ஆரம்பித்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவாக வெட்டுவார். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதுதான் அவருடைய அட்டை. இடது மேல் மூலையில் சொல். வலது மேல் மூலையில் ஊர். நடுவில் பொருள். அதற்குக் கீழே அந்தச் சொல் வந்த பேச்சு, சம்சாரி சொன்னது சொன்னபடியே. அடியில் சொன்னவர் பெயர், வயது, தொழில். கமலை, கூனை, வடம், வால்கயிறு, குலுக்கை, சுளகு, படப்பு என்று 3,847 அட்டைகள். 26 செருப்புப் பெட்டிகள். எந்த அட்டையிலும் ஊரின் பெயர் இடம் மாறி இருக்காது. கணினியைத் தொட்டதே இல்லாத மனிதர் அவர். ஆனாலும் இன்று தரவு என்று சொல்கிறோமே, அதைத்தான் அவர் பசைக்கட்டி வாசத்தோடு அந்தப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்.

2001-இல் அதைப் புத்தகமாக்கியபோது அந்த ஒழுங்கைக் கலைத்தது நான். தலைச்சொல்லுக்குத் தடித்த எழுத்து, ஊருக்கு அடைப்புக்குறிக்குள் தடித்த எழுத்து, பேச்சுக்குச் சாய்வெழுத்து. 'பார்க்க: கூனை' என்பதற்கும் தடித்த எழுத்து. அச்சடித்தவர்கள் 320 பக்கத்தை 240-ஆகக் குறைத்தால்தான் செலவு கட்டும் என்றார்கள். சொன்னவர் விவரத்தை எடுத்துவிடலாம் என்று அவர்கள் சொல்ல, அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டுச் சம்மதித்தார். அட்டையில்தான் இருக்கிறதே என்பது அவர் நினைப்பு. 300 படி அச்சாயிற்று. 2009-இல் அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒன்பது பெட்டிகளைக் கறையான் தின்றுவிட்டது.

இப்போது மின்னூல் செய்வோம் என்று இறங்கியபோது கையிலிருந்தவை 17 பெட்டி அட்டை, ஒரு சி.டி.யில் பழைய பக்க வடிவமைப்புக் கோப்பு, அதிலிருந்து நான் செய்த பி.டி.எஃப். அந்த வடிவமைப்புக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் இன்று என் கணினியில் ஓடுவதில்லை. தங்கை மகன் மதுரையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான், பி.டி.எஃப். கோப்பிலிருந்து எழுத்தை உருவி யூனிகோடுக்கு மாற்ற நிரல் எழுதித் தந்தான். மாற்றுவது நினைத்த அளவு சுலபமில்லை. 'கொ' என்று எழுத, பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடிப்போம், பிறகு 'க', பிறகு கால். யூனிகோடில் 'க' முதலில், ஒகர உயிர்க்குறி ஒரே குறியாக அதன் பின்னால். ஆக ஒவ்வொரு கொம்பையும் தூக்கி எழுத்துக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும். 'கௌதாரி' என்று அடிக்கும்போது ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' எழுத்தையே போட்டிருந்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கருவி அதைக் 'கெள' என்று வாசிக்கும், தேடினாலும் கிடைக்காது. காலுக்குப் பதில் 'ர' விழுந்த இடங்கள் தனி. இவற்றையெல்லாம் கண்ணால்தான் பார்த்துத் திருத்தினேன். 25 வருடம் பிழை திருத்திய கண், தான் விட்ட பிழையைத் தேடியது.

எழுத்து சரியான பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. "பெரியம்மா, இந்த போல்டு எல்லாம் எதுக்கு?" என்று கேட்டான். சொல்லுக்கு, ஊருக்கு, பார்க்க என்பதற்கு என்றேன். "எது எதுன்னு நமக்குப் படிச்சாத் தெரியுது. நிரலுக்கு எல்லாம் ஒரே தடிப்புதானே?" என்றான். அடைப்புக்குறிக்குள் இருந்தால் ஊர் என்று விதி வைத்தோம். அடைப்புக்குறியை மூட நான் மறந்திருந்த இடங்களில் அடுத்த இரண்டு சொற்கள் ஊர்ப்பெயராகிவிட்டன. எட்டு வாரம் இதற்கே போயிற்று. அப்பா மூலைக்கு மூலை பிரித்து எழுதியதை நான் தடித்த எழுத்து என்ற ஒரே பானையில் கொட்டியிருந்தேன். அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தோம்.

பொறுக்கியதை ஒரு விரிதாளில் இட்டோம். ஒரு சொல்லுக்கு ஒரு வரி. சொல், இலக்கணம், பொருள், பேச்சு, ஊர், சொன்னவர், பார்க்க வேண்டிய சொல், பெட்டியும் அட்டையும் என்று எட்டுப் பத்தி. 12-ஆம் பெட்டி 4-ஆம் அட்டையை 12/4 என்று அடித்தால் அது 12 ஏப்ரல் ஆகிவிட்டது. மனித மரபணுக்களின் பெயர்களையே விரிதாள்கள் தேதியாக மாற்றியதால் அறிவியலாளர்கள் சில மரபணுக்களுக்குப் பெயரை மாற்றி வைத்த செய்தி 2020-இல் வந்தது. அவர்கள் பட்ட பாடு எனக்குப் புரிந்தது. சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதில் ஒரு நாள் உழைப்பு முழுக்கக் கேள்விக்குறிகளாக நின்றது. இந்த வேலையில் இறங்குபவர்கள் முதல் நாளே கவனிக்க வேண்டியவை இவை இரண்டும்.

அகர வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரிசை இல்லாவிட்டால் அது அகராதியே இல்லை. யூனிகோடின் தமிழ் அட்டவணை, 1988-இல் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்குமாக வகுத்த ஒரு குறியீட்டு முறையை ஒட்டி அமைந்தது. அதில் 'ந' எழுத்துக்கு அடுத்து 'ன', 'ர' எழுத்துக்கு அடுத்து 'ற', பிறகு ல, ள, ழ, வ. கணினியை அப்படியே வரிசைப்படுத்தச் சொன்னோம். கன்னுக்குட்டி கமலைக்கு முன்னால் போய் நின்றது. களம் முடிந்த பிறகு கவண் வந்தது. 'அகம்' முந்திக்கொள்ள, 'அக்கா' எங்கோ பின்னால் போனாள். புள்ளிக்கான குறி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் வந்த வினை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 31 ஆண்டு அ, ஆ சொல்லிக்கொடுத்தவரின் புத்தகத்தில் இப்படி. தமிழின் முறைப்படி வரிசைப்படுத்தும் விதிகளும் யூனிகோடு அமைப்பின் தரவுகளில் இருக்கின்றன; இன்னதைப் பயன்படுத்து என்று நிரலுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னதும் கமலை, கவண், களம், கன்னுக்குட்டி என்று அதது தன் இடத்துக்கு வந்தது. தமிழில் வெளிவரும் எந்த மின்னகராதியைத் திறந்தாலும் இப்போது நான் முதலில் தேடுவது கன்றுக்குட்டி எங்கே நிற்கிறது என்றுதான்.

இதற்குப் பிறகு மின்னூல் ஆக்குவது மிகச் சின்ன வேலை. ஈபப் என்ற மின்னூல் வடிவத்தைப் புதிராக நினைத்திருந்தேன். ஒரு ஈபப் கோப்பின் பெயரின் முடிவை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். 'நான் மின்னூல்' என்று தன்னைச் சொல்லும் ஒரு வரிக் கோப்பு, எந்தெந்தப் பகுதி எந்த வரிசையில் என்ற பட்டியல், பொருளடக்கம், பிறகு இணையப் பக்கங்களைப் போன்றே எழுதப்பட்ட அத்தியாயங்கள், எழுத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஒரு கோப்பு. ஈபப் 2007-இல் தரமாக வந்து, 2011-இல் மூன்றாம் பதிப்பு கண்டு, 2017 முதல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் கையில் இருக்கிறது, 3.3 என்ற பதிப்பு 2023-இல் அதன் பரிந்துரையாக வெளிவந்தது. யாரும் கட்டணம் கேட்பதில்லை. பாண்டாக், கோவிட் கோயல் உருவாக்கிய காலிபர் போன்ற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கள் நிரல் விரிதாளின் ஒவ்வொரு வரியையும் வாசித்து, இது தலைச்சொல், இது ஊர், இது பேச்சு என்று குறியிட்டு அத்தியாயமாக எழுதுகிறது. இந்த நூலின் மொழி தமிழ் என்று கோப்பின் நெற்றியில் ஒரு குறிப்பும் வைக்கிறது. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் கைப்பேசி தமிழ்க் குரலை எடுக்கும். 'பார்க்க: கூனை' என்பதைத் தொட்டால் கூனைக்குப் போகிறது. முழுப் புத்தகமும் உருவாக 20 நொடி ஆகிறது.

அதே கோப்பிலிருந்து பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்றும் வருகிறது. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைத் திண்ணையில் வைத்துப் படித்த தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் எங்கள் தெருவில் நான்கைந்து பேர். அவர்களுக்கு 20 புள்ளி அளவில் அச்சடித்துக் கொடுத்தேன். கைப்பேசி அகராதிச் செயலிகளுக்கான வடிவமும் அதிலிருந்தே வந்தது. பிழை ஒன்றைக் கண்டால் விரிதாளில் ஒரே இடத்தில் திருத்துகிறேன்; எல்லாப் பதிப்பிலும் திருந்திவிடுகிறது. 2001-இல் டிரேசிங் தாளில் பிளேடால் கீறி ஒட்டியவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த விரிதாளைத்தான் நான் தாய்க்கோப்பு என்கிறேன். ஈபப் நாளைக்கு மாறலாம். 2000-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ரீடரின் லிட் வடிவம் 2012-இல் நின்றுபோனது. கிண்டிலுக்கென்று பல காலம் இருந்த மோபி வடிவில் புதிய நூல்களை 2021 முதல் அமேசான் ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் கருவிகளில் இருந்த புத்தகங்களே பணத்தைத் திருப்பிக் கொடுத்து எடுக்கப்பட்டன. வடிவம் என்பது உடை; எந்த உடையும் கிழியும். ஆனால் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971-இல் தட்டச்சு செய்து வைத்த எழுத்து இன்று குட்டன்பர்க் திட்டத்தில் ஈபப் ஆகவே கிடைக்கிறது, ஏனென்றால் அவர் வைத்துவிட்டுப் போனது எழுத்தை. நம்மிடமும் இருக்கிறது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகின் பல மூலைகளில் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தார்கள். முதலில் வேறு குறியீட்டில் இருந்தவை யூனிகோடுக்கு மாறின. எழுத்தாக இருந்ததால் மாற முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தினர் அதைத் தேடக்கூடிய எழுத்தாக்கி வைத்ததால்தான் கோவில்பட்டியில் உட்கார்ந்திருக்கும் நான் நினைத்த நேரத்தில் ஒரு சொல்லைப் பார்க்க முடிகிறது.

ஆனால் இன்றும் நம் நூலகத் தளங்களில் ஏறும் பழைய நூல்களில் பெரும்பகுதி பக்கங்களின் படங்கள். நாட்டுடைமையான எழுத்துகளுக்கும் இதே நிலைதான். படம் எடுத்து வைப்பது தேவை. கறையானிடம் தோற்ற எனக்கு அதன் அருமை தெரியும். அந்த வேலையைச் செய்பவர்களை வணங்குகிறேன். அதோடு வேலை முடிந்தது என்று கணக்குக் காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பழைய நூல்களுக்காவது காலத்தைக் காரணம் சொல்லலாம். இந்த வருடம் கணினியில் அடித்து, இந்த வருடம் வெளியாகும் கலைச்சொல் பட்டியலை, பத்தி பத்தியாகக் கோப்பு கையில் இருக்கும்போதே, அச்சுப் பக்கமாக்கி, பி.டி.எஃப். ஆக்கி, அதை மட்டும் வெளியிடுவதற்கு என்ன காரணம் சொல்வது? மாணவர் ஒருவர் அதிலிருந்து ஐம்பது சொல்லை எடுத்துத் தன் கைப்பேசி அகராதியில் போட்டுக்கொள்ள முடியாது. அடுத்த பதிப்பைத் தொகுப்பவர் முதலிலிருந்து அடிக்கிறார். அரசுப் பணம் பெறும் எந்த அகராதிப் பணியும், சொற்பட்டியலும், நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பும் தன் தாய்க்கோப்பை யூனிகோடில், பத்தி பிரித்து, யாரும் எடுக்கும்படி ஒப்படைத்தால்தான் கடைசித் தவணை என்று ஆணை போட வேண்டும். இதற்குப் புதிய செலவு கிடையாது.

பதிப்பாளர்களிடம் இதைப் பேசினேன். கோப்பை வெளியே விட்டால் திருடிவிடுவார்கள் என்கிறார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை. உழைத்துப் போட்ட புத்தகம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்து நொந்தவர்கள். ஆனால் சுற்றுவது ஸ்கேன் செய்த பக்கங்கள். திருடுபவருக்குப் பக்கத்தின் படமே போதும். கோப்பைப் பூட்டி வைப்பதால் புத்தகம் கிடைக்காமல் போவது அருப்புக்கோட்டை ஆசிரியருக்குத்தான். பார்வையற்றவர்களுக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தமும் அவர்கள் படிக்கும் வடிவுக்கு நூலை மாற்ற அனுமதிக்கிறது. சட்டம் கதவைத் திறந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. உள்ளே எடுத்துக்கொள்ள எழுத்து இருக்க வேண்டுமே. எல்லோருக்கும் கோப்பைக் கொடுக்கச் சொல்லவில்லை. யூனிகோடில் ஒரு தாய்க்கோப்பு வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தாளருக்கு ஒரு படி கொடுங்கள், கேட்கும் பார்வையற்ற வாசகருக்கு ஈபப் கொடுங்கள். டி.டி.பி. செய்யும் என் சகோதரிகளிடமும் ஒன்று: தடித்த எழுத்தைக் கையால் போடாதீர்கள். தலைச்சொல்லுக்கு ஒரு பாணி, ஊருக்கு ஒரு பாணி என்று பெயர் வைத்துப் போடுங்கள். பின்னால் பிரிக்க வருபவருக்கு எட்டு வாரம் மிச்சமாகும்.

புத்தகத்தை விரிதாளில் பரப்பியபோது, அச்சில் தெரியாத ஒன்று கண்ணில் பட்டது. 'சொன்னவர்' என்ற பத்தியில் 17 பெட்டிச் சொற்களுக்கும் பெயர் இருந்தது. கறையான் தின்ற ஒன்பது பெட்டிகளின் 1,204 சொற்களுக்கு நேரே வெறும் கட்டம். அந்த 80 பக்கத்தை மிச்சம் பிடித்தபோது யார் யாரையெல்லாம் வெளியே நிறுத்தினோம் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அந்தக் கட்டங்களை மறைக்க வேண்டாம் என்று தங்கை மகனிடம் சொன்னேன். மின்னூலில் அங்கெல்லாம் 'சொன்னவர்: தெரியவில்லை' என்று வருகிறது.

சித்திரையில் ஈபப் கோப்பை ஆசிரியருக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். தினமும் பள்ளிக்குப் போகும் பேருந்தில் கேட்கிறாராம். 'ம' வரைக்கும் வந்துவிட்டாராம். சில சொற்களைத் தன் பாட்டி வாயில் கேட்டது என்றார். பிறகு, ஒரு சொல்லுக்கு நேரே விளாத்திகுளம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் வருகிறதே, அது தன் அம்மா பிறந்த ஊர் என்றார். சொன்னவர் தெரியவில்லை என்று போன் வாசித்ததாம்.

"அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு. சைக்கிள்ல வந்து சொல் கேட்டுப் போன வாத்தியாரை அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டுப் பாக்கட்டுமாம்மா?"

கேளுங்கள் சார் என்றேன்.